மகனைப் பற்றிச் சில கேள்விகள்

வீடு வாங்க இராஜேஸ்வரி கேட்ட கடனுக்கு வங்கி கைவிரித்துவிட்டது. மில்லிக்கன் பகுதியில் தன் வீடொன்றை விற்கும் பத்மநாதன்தான், "முற்பணத்தைத் தாங்கோ தங்கச்சி. மிச்சத்துக்கு நான்தான் உங்கட பாங்க். மாதாமாதம் எனக்கே கட்டுங்கோ. ஒரேயடியாக் காசு வந்தால் எனக்கும் வரி கூட" என்றிருந்தார்.

அதைப் பேசி முடிக்க அவர் வீட்டுக்குப் போனாள். அவருடைய மகள் துர்க்கா கழுத்துவரை மூடிய சுவெற்றரோடு வந்து தேத்தண்ணி வைத்தாள்.

"மகன் என்ன செய்யிறார்?" என்றார் பத்மநாதன்.

இராஜேஸ்வரிக்குத் திக்கென்றது. பெண் தேத்தண்ணி கொண்டுவருகிறாள், தகப்பன் மகனை விசாரிக்கிறார், வேறென்னவாக இருக்கும்? மகன் ராகுலனோ அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் மகளுக்கென்று பேசிவைத்த பிள்ளை. நேரே மறுத்தால் வீடு போய்விடும்.

"ஏதோ கொம்பியூட்டர் வேலை. நிலைக்காது அண்ணை."

"சம்பளத்தைச் சேர்க்கிறவரோ?"

"எங்கை! காசு கையிலை நிண்டால் அவனுக்குக் கடிக்கும்."

"குடி கிடி?"

"வெள்ளிக்கிழமையிலை மட்டும்" என்றாள், கோப்பிகூடத் தொடாத மகனுக்காகப் பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டபடி.

பத்மநாதன் பெருமூச்சு விட்டார். "பாங்க் கடனுக்கு அரசாங்கம் பின்னாலை நிக்கும். என்ர கடனுக்கு ஆர் நிக்கிறது? உங்கட மகனைப் பிணை வைக்கலாம் எண்டு நினைச்சன்."

"பிணையோ? துர்க்காவுக்கு மாப்பிள்ளை பாக்கேல்லையோ?"

"அவளுக்கு ஆவணியிலை கலியாணம் முடிஞ்சுதே!"

"ஐயோ அண்ணை, சொன்னதெல்லாம் பொய்! என்ர பிள்ளை சொக்கத்தங்கம்!"

"இதை எல்லாத் தாய்மாரும் சொல்லுவினம் தங்கச்சி" என்று எழுந்தார் பத்மநாதன். "முதல் சொன்னதைத்தான் ஒரு தாயும் பொய்யாச் சொல்லமாட்டா."