வலிக்குப் பூஜ்யம்

முட்டி மாற்று ஆபரேஷன் ஆகி ஒரு வருஷமான மூட்டை தூக்குபவர் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். ஆபரேஷன் பலன் தந்ததா என்று கேட்டு ஆய்வுப் படிவம் நிரப்புவது என் வேலை. ஜன்னல் வெயில் முழங்கால் தழும்பில் விழுகிறது. “வலி பத்துக்கு எவ்வளவுண்ணே?” அவர் என்னைப் பார்க்கவில்லை, கதவருகே நிற்கும் அறுவை டாக்டரைப் பார்க்கிறார். “சுத்தமா இல்லம்மா. டாக்டர் கை வச்சப்புறம் வலி இருக்குமா?” டாக்டர் சிரித்துக்கொண்டே போகிறார். நான் பூஜ்யம் எழுதுகிறேன். எழுந்திருக்க அவர் மேஜையை இரண்டு கையாலும் பிடிக்கிறார். மேஜை ஆடி, என் பேனா உருண்டு விழுகிறது. “மாடிப்படிய உக்காந்து உக்காந்துதான் ஏறுறேன். அத எழுதிராதம்மா, டாக்டரு நல்ல மனுஷன், மனசு நோவாரு.” இந்தத் தாளை நம்பித்தான் நாளைக்கு இன்னொருத்தர் முட்டியை வெட்டுவார்கள். குனிந்து பேனாவை எடுக்கிறேன். பூஜ்யத்தை அடிக்கவில்லை. “படி பாத்து எறங்குங்கண்ணே” என்கிறேன், அவர் முகத்தைப் பார்க்காமல்.