பன்றிக்கொழுப்பு வாசம்

குண்டு வந்து மோதியதும் சுவரில் சாய்ந்திருந்த டோபியாஸ் சரிந்து விழுந்தான்.

சாகவில்லை. மூச்சு இருந்தது.

எங்கள் இரும்புக் கப்பலின் சுழல்கோபுரத்துக்குள் சுவரைத் தொடாதே என்று தினமும் சொல்வார்கள். எட்டங்குல இரும்பு குண்டைத் தடுக்கும். அதிர்ச்சியைத் தடுக்காது.

அவனைக் கீழ்த்தளத்துக்கு இறக்கி இழுத்துப் போனார்கள். அதில் கீழே போட்டிருந்த சுண்ணாம்புக் கோடு அழிந்துபோனது.

அந்தக் கோடுதான் எங்களுக்குத் திசை. கோபுரம் பீரங்கியோடும் எங்களோடும் சுற்றும். கீழ்த்தளம் சுற்றாது. கோட்டைப் பார்த்துத்தான் கப்பலின் முன்பக்கம் எது என்று தெரிந்துகொள்வோம்.

பீரங்கி வாயின் கதவை மூடிக்கொண்டு சுற்றினோம். இரண்டு சுற்றா, இரண்டரையா, யாருக்கும் தெரியவில்லை.

ஒரு பக்கம், அமெரிக்காவை இரண்டாக உடைத்துக்கொண்டு எங்களோடு போரிடும் தெற்கத்தியானின் இரும்புக் கப்பல். இன்னொரு பக்கம், வர்ஜீனியா சேற்றில் தரைதட்டி நிற்கும் எங்கள் மரக்கப்பல். அதைக் காக்கத்தான் வந்திருந்தோம். அதில் என் தம்பி ஆசா இருந்தான். அவனும் பீரங்கிக்காரன்.

கதவைத் திறந்தார்கள். புகை. புகைக்குள் ஒரு கறுப்புச் சுவர்.

"சுடு," என்றார் அதிகாரி.

வெடிக்கயிறு என் கையில் இருந்தது. இழுக்கவில்லை.

குண்டு வழுக்கிப் போகட்டும் என்று தெற்கத்தியான் தன் இரும்பின்மேல் பன்றிக்கொழுப்பு பூசியிருந்தான். சூட்டில் அது பொரிந்தது. காலையிலிருந்து அவனை நெருங்கும்போதெல்லாம் அந்த வாசம் வந்து வயிற்றைக் கிள்ளியது. "சண்டைக்கு வந்தானுங்களா, நமக்குப் பொரிச்சுப் போட வந்தானுங்களாடா?" என்று டோபியாஸ்கூடக் கேட்டிருந்தான்.

இப்போது கதவு வழியாக வந்தது தார் வாசம். தார் பூசுவது மரக்கப்பலுக்கு.

"செவிடாடா நீ? இழுடா."

கயிற்றைக் கீழே போட்டேன். சண்டையில் கட்டளையை மீறினால் தூக்கு. தெரியும்.

புகை விலகியது. மரப்பலகைகள். எங்கள் கொடி.

அதிகாரி தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து என் முழங்காலை ஒருமுறை தட்டினார். அவ்வளவுதான்.

தெற்கத்தியான் திரும்பிப் போனபின் ஆசா படகில் வந்தான். முகமெல்லாம் கரி. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. கட்டிக்கொண்டேன். உன்னைக் கொன்றிருப்பேன்டா என்று நடந்ததைச் சொன்னேன்.

அவன் சிரிக்கவில்லை. கோபுரத்தைச் சுற்றி வந்தான். குண்டு பட்ட பள்ளங்களை ஒவ்வொன்றாகத் தடவினான். எல்லாம் அகலமான பள்ளங்கள். டோபியாஸ் சாய்ந்திருந்த சுவரின் வெளிப்பக்கத்தில் மட்டும் ஒரு சின்னப் பள்ளம். அங்கே நின்றுவிட்டான்.

"இது எங்க குண்டு அளவுண்ணே," என்றான். "புகைக்குள்ள ஏதோ கறுப்பாத் தெரிஞ்சுது. நான் இழுத்துட்டேன்."

பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தேன்.

எட்டங்குல இரும்பில் ஓரங்குலம்தான் குழிந்திருந்தது.