மார்னியின் கூடாரம்

ஒஹாயோவில் அன்று விடாத தூறல். சிறுமியர் கால்பந்துப் போட்டி. மைதான ஓரத்தில் கூடாரம் போட்டிருந்த மார்னி, மகளின் ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்த, முன்பின் தெரியாத டுவெய்னையும் கூப்பிட்டு, மடக்கு நாற்காலியில் உட்காரவைத்து, கம்பளியும் போர்த்திவிட்டாள்.

"ஏய் ரெஃப்ரி! கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று டுவெய்ன் கத்தினார்.

"இந்தாங்க, சூடா கோகோ."

மறுபடி வாயைத் திறந்தார். பிஸ்கட்டை நீட்டினாள். மூன்றாம் தடவை சூப்.

"இவ்வளவு கவனிக்கிறீங்களே, உங்க பொண்ணு எத்தனாம் நம்பர்?"

"அவ சட்டையில நம்பரே கிடையாதுங்க." நடு மைதானத்தில் விசிலோடு ஓடிய ஒல்லிப் பெண்ணைக் காட்டினாள். "பதினஞ்சு வயசு. போன வாரம் அழுதுக்கிட்டே வீட்டுக்கு வந்தா."

அடுத்த விசில் டுவெய்ன் மகளுக்கு எதிராகவே ஒலித்தது. அவர் எழுந்து நின்று கத்தினார்:

"சரியாத்தான் ஊதுன, தங்கம்!"