அதே இரண்டு மீட்டர்

துறைமுகத்தில் கடல்மட்டம் குறிப்பவருக்கு இந்த வேலை வெறுத்துப்போயிருந்தது. துருவத்துப் பனி உருகி நீர் ஏறும்போதெல்லாம், தூணிலிருக்கும் அளவுப்பலகையைக் கழற்றி மேலே ஏற்றச் சொல்வார் மேலதிகாரி. ஏற்றினால்தான் கணக்கு பழைய இரண்டு மீட்டரிலேயே நிற்கும்.

"இந்தப் பொய்யை எத்தனை தடவைதான் சார் ஆணி அடிச்சு மாட்டுறது?"

"சொன்னதைச் செய்யுங்க. என்னைக்கும் ரெண்டு மீட்டர்தான்."

ஐந்தாவது முறையாகக் கழற்றப் போனபோது தூணில் பலகையைக் காணோம். திரும்பி மூன்றாம் மாடியிலிருந்த அலுவலகத்துக்கு வந்தார். மேலதிகாரியின் நாற்காலிக்குப் பின்னால், தரையிலிருந்து நிமிர்ந்து, சுவரோடு சுவராக அறையப்பட்டிருந்தது பலகை. அடியில் சிப்பிகள் ஒட்டியிருந்தன. நான்கு சுவர்களிலும் ஒரே மட்டத்தில் உப்பு ஈரக்கோடு.

"எவ்வளவு காட்டுது?" மேலதிகாரி திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"நீங்க சொன்ன அதே ரெண்டு மீட்டர்தான் சார்."

மேலதிகாரி எழுந்து நின்றார். ஈரக்கோடு அவர் தலைக்கு ஒரு சாண் மேலே இருந்தது.