நிறம் என் டிபார்ட்மென்ட்

"இந்த வாளியில இருக்கிற கிளேஸ் பூச்சு, சுட்டா என்ன நிறம் வரும் சார்?"

கேட்டது புதிதாக ஹோட்டல் திறக்கப்போகும் அம்மாள். கேட்டது பீங்கான் ஸ்டுடியோக்காரரை. பதில் வந்ததோ அவர் மனைவியிடமிருந்து.

"சிவப்பு மேடம். மாதுளைச் சிவப்பு."

"கஞ்சி மாதிரில்ல வெளுத்துக் கிடக்கு?"

இதற்கு மட்டும் ஸ்டுடியோக்காரருக்கு வாய் திறக்க இடம் கிடைத்தது.

"வாளியைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது மேடம். இதுல இருக்கிறது செம்பு. சூளையில காத்து தாராளமா இருந்தா பச்சையாகும். காத்தைக் குறைச்சு மூச்சுத் திணற வெச்சா சிவப்பாகும். எப்போ, எவ்வளவு குறைக்கணும்கிறதுதான் வித்தை. அது எனக்கு அத்துப்படி."

பீற்றிக்கொள்ளவில்லை, உள்ளதைத்தான் சொன்னார்.

"அப்போ நல்ல சிவப்புத் தட்டா ஒண்ணு, உங்க கையாலயே எடுத்துக் குடுங்க."

அவர் அலமாரிப் பக்கம் திரும்புவதற்குள் மனைவி குறுக்கே பாய்ந்தாள்.

"நிறம் என் டிபார்ட்மென்ட். நீங்க கலக்கற வேலையைப் பாருங்க!"

ஒரு சிவப்பும் ஒரு பச்சையுமாக இரண்டு தட்டுகளை அவளே எடுத்து மேஜையில் வைத்தாள். அவர் ஏதோ சொல்ல வந்தார்.

"கொஞ்சம் பேசாம இருக்கீங்களா?"

ஹோட்டல்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. ஊரே கொண்டாடும் மனிதர், பெண்டாட்டி முன்னால் வாயில்லாப் பூச்சி!

வாசலில் கூரியர்காரர் கூப்பிட, மனைவி வெளியே போனாள். ஹோட்டல்காரம்மா குரலைத் தாழ்த்தினார்.

"சார், மனசுல பட்டதைச் சொல்லிடறேன். எல்லாத் தட்டும் உங்ககிட்டதான்னு முடிவு பண்ணித்தான் வந்தேன். ஆனா, வந்தவங்க முன்னாடியே புருஷனை மட்டம் தட்டறவங்களோட எனக்கு ஒத்து வராது. அவங்க இல்லாம நீங்க மட்டும் பேசறதா இருந்தா ஆர்டர். இல்லேன்னா வேண்டாம்."

அந்த ஆர்டரை நம்பித்தான் பின்கட்டில் இரண்டாவது சூளைக்கு அடித்தளமே போட்டிருந்தார்கள்.

ஸ்டுடியோக்காரர் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டார். இரண்டு தட்டுகளையும் அந்த அம்மாள் முன்னால் நகர்த்தினார்.

"ரெண்டும் நான் செஞ்சதுதான். இதுல எது சிவப்பு மேடம்?"

"இதென்ன கேள்வி? இதோ, இதுதான்."

"நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."

அம்மாள் தட்டுகளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பொறந்ததுலேருந்தே என் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான். ஆர்டர் போனா போகட்டும், அவளைத் தப்பா நினைச்சுட்டுப் போகாதீங்க. இது வெளியில தெரிஞ்சா என் பேர் கெட்டுடும்னு, இத்தனை வருஷமா தன் பேரைக் கெடுத்துக்கிட்டிருக்கா."