சிவனாண்டியின் வாக்குமூலம்

“கொத்தடிமையா? என் பண்ணையிலயா? எவன் சொன்னது?”

சிவனாண்டி போட்ட சத்தத்தில் களத்தில் மேய்ந்த கோழிகள் சிதறின.

அது எழுபத்தாறாம் வருஷம். திருமங்கலம் தாலுகா ஆபீசிலிருந்து வந்திருந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சேக் மைதீன், மடியில் இருந்த ஃபாரத்தைத் தட்டிக் காட்டினார்.

“கொத்தடிமையை ஒழிக்கச் சட்டம் வந்திருச்சுண்ணே. சின்னான் குடும்பம் மூணு தலைமுறையா உங்ககிட்ட கிடக்கு. அப்படி எழுதினா உங்களுக்கு ஜெயில்.”

“அப்ப பண்ணையாள்னு எழுதுங்க பாய்.”

“பேரை மாத்தினா சட்டம் விட்டுருமாண்ணே?”

சிவனாண்டிக்கு வேர்த்தது. “அவன் எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி...”

“பிள்ளையா?” சின்னானின் மனைவி மலையம்மாள் முன்னால் வந்தாள். “எங்க மாமியா செத்த அன்னைக்கு, வயலுக்குத் தண்ணி பாய்ச்சிட்டுப் போய்ப் பொணத்தை எடுடான்னீங்களே, பெத்த பிள்ளைகிட்ட அப்படித்தான் சொல்வீங்களா? எழுதுங்கய்யா, அடிமைன்னே எழுதுங்க!”

சின்னான் அவள் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான்.

“ஏய், வாய மூடு!” சிவனாண்டி திரும்பினார். “பாய், அவன் குத்தகைக்காரன். கம்மாக்கரை மூணு ஏக்கரை அவன்தான் உழுறான், அவன்தான் அறுக்கிறான். விளைஞ்சதுல பாதி அவனுக்கு. போதுமா?”

“பாதியா!” மலையம்மாள் சிரித்தாள். “பதருக்கும் கருக்கா நெல்லுக்கும் கையேந்தி நிக்கிறோம்யா!”

சேக் மைதீன் அவளைப் பார்க்கவே இல்லை.

“எத்தனை வருஷமாண்ணே குத்தகை?”

“அவன் அப்பன் காலத்துல இருந்தே!”

“சர்வே நம்பர்?”

சிவனாண்டி சொன்னார். சேக் மைதீன் குத்தகை விவரத்தோடு எழுதினார். ‘கொத்தடிமை’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று போட்டு, முழுவதையும் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். சிவனாண்டி வெட்டிக் கொடுத்த இளநீரையும் ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

சைக்கிள் தெருமுனையைத் தாண்டியதும் மலையம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

“ஒரு இளநீருக்கு எங்களை வித்துட்டியேய்யா! நீயும் ஒரு ஆபீசரா?”

சேக் மைதீன் சைக்கிளை விட்டு இறங்கினார்.

“உண்மையை எழுதியிருந்தா, உன் கையில விடுதலைச் சீட்டைக் குடுப்பாங்க தங்கச்சி. மறுநாளே பண்ணைக்காரர் உங்க குடிசையைப் பிடுங்கி உங்களை ரோட்டுல நிறுத்துவாரு.”

“மூணு தலைமுறை உழைச்சோமே. அந்தச் சட்டத்துல எங்களுக்கு ஒரு சென்ட் நிலம்கூடவா கிடையாது?”

“அடிமைக்குக் கிடையாது. குத்தகைக்காரனை மட்டும்தான் நிலத்தை விட்டு எறக்க முடியாது. ஆனா அதை நானா எழுதினா கோர்ட்டுல நிக்காது தங்கச்சி. அதான், அவர் வாயால வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தேன்.”