பூண்டு வாடை

மத்தியானச் சாப்பாடு முடிந்து உலையறைக்குள் காலை வைத்ததுமே நல்லகாமனுக்குப் பூண்டு வாடை அடித்தது.

முகத்துணியைத் தாண்டி வந்தது. லேசாகத்தான். ஆனாலும் பூண்டுதான்.

வேறு எங்கே பூண்டு வாடை அடித்தாலும் வாயில் எச்சில் ஊறும். இங்கே கால் வாசலைத் தேடும்.

வாடிப்பட்டியைத் தாண்டிப் பொட்டலில் நிற்கிற அந்தப் பெரிய ஆலையில் டிரான்சிஸ்டர் செய்தார்கள். சிலிக்கான் வில்லைகளை உலையில் ஏற்றி, அவற்றின் மேல் பாஸ்பீன் என்கிற வாயுவை ஓடவிட வேண்டும். அது கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது. பூண்டு வாடைதான் அடிக்கும். கூடக் கொஞ்ச நேரம் அதைச் சுவாசித்தால் ஆள் மிஞ்சுவது கஷ்டம்.

கசிவைக் கண்டுபிடிக்கிற கருவி வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். எண்பத்திரண்டில் ஆர்டர் போட்டது, இன்னும் வந்தபாடில்லை. அதுவரைக்கும் அவரவர் மூக்குதான் கருவி.

அதனால் உலையறை ஆட்கள் பூண்டு சாப்பிட்டுவிட்டு வேலைக்கு வரக்கூடாது என்று ஒரு விதி. கேண்டீன் ரசத்தில்கூடப் பூண்டு கிடையாது. அந்த ரசத்தைக் குடித்தவர்கள் விதி போட்டவனைத் தினமும் வாழ்த்தினார்கள்.

விதியைப் போட்டவன் இன்ஜினியர் நல்லகாமன்தான். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே இன்னொன்றும் சொல்வான்.

"முத மூச்சை நம்புங்க. அப்புறம் மூக்கு பழகிப்போயிரும். மீன் கடைக்காரனுக்கு மீன் வாடை தெரியுமா?"

இப்போது அவன் கை தானாக வாயுக் குழாயின் வால்வுக்குப் போனது. பாதியில் நின்றது.

ஆடி மாதம் இதே மாதிரி வாடை அடித்தபோது அவன் யோசிக்கவே இல்லை. வாயுவை அடைத்து, எல்லோரையும் வெளியே விரட்டினான். உலையில் இருந்த வில்லைகள் அத்தனையும் குப்பைக்குப் போயின. கடைசியில் பார்த்தால், சோணைமுத்து என்கிற தொழிலாளி விதியை மறந்து பூண்டு ஊறுகாய் தின்றுவிட்டு வந்திருந்தான்.

அன்றிலிருந்து நல்லகாமனுக்குப் பூண்டு இன்ஜினியர் என்று பெயர். மேனேஜர் எல்லோர் முன்னாலும், அடுத்த தடவை மூக்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். இன்னொரு உலை குப்பைக்குப் போனால் உங்களுக்கு வேலை இருக்காது என்பதை மட்டும் சிரிக்காமல் சொன்னார்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகுமா? வால்வைத் தொடாமலே திரும்பினான்.

"யாருப்பா பூண்டு சாப்பிட்டு வந்தது? உள்ளதைச் சொல்லுங்க."

அறையில் இரண்டே பேர். மறுகோடியில், வாயு சிலிண்டர்களுக்குப் பக்கத்து ஸ்டூலில் அதே சோணைமுத்து. அவன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான். பட்டது போதும் என்று அர்த்தம்.

இந்தப் பக்கம் மாயக்காள். பிள்ளை பெற்று, லீவு முடிந்து, அந்த வாரம்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாந்தேன் சார். பாலு ஊறணும்னு எங்க அத்தை பூண்டை வதக்கிச் சோத்துல பிசைஞ்சு குடுத்துருச்சு. வேணாம்னா கேக்குதா?"

நல்லகாமனுக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. அவ்வளவு நிம்மதி.

பிள்ளை பெற்ற வீட்டில் பூண்டு மணக்காமல் வேறு என்ன மணக்கும்? எந்த மாமியார் ஆலை விதிக்குக் கட்டுப்படுவாள்? விதி போட்டபோது இது தனக்குத் தோன்றவில்லையே என்று வாய்விட்டுச் சிரித்தான்.

"இன்னைக்கு நீ உள்ள வேணாம்மா. போய்ப் பிள்ளைக்குப் பால் குடு. உனக்குப் பதிலாச் சின்னத்தாயை வரச்சொல்லு."

மாயக்காளின் பிள்ளை ஆலை வாசலை ஒட்டிய காப்பக அறையில் கிடந்தது. அவள் மறுபேச்சுப் பேசாமல் ஓடினாள். கதவு சாத்திக்கொண்டது.

நல்லகாமன் உலையின் சூட்டைப் பார்த்தான். சரியாக இருந்தது. வில்லைகள் பத்திரமாக வெந்துகொண்டிருந்தன.

கொஞ்சம் பொறுத்து, முகத்துணியை இறக்கி மூச்சை இழுத்துப் பார்த்தான். வாடை குறைந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் சுத்தமாக இல்லை. அவள் போனாள், வாடையும் போனது. நல்லவேளை, வால்வை மூடவில்லை என்று தன்னையே மெச்சிக்கொண்டான்.

தலை மட்டும் வலித்தது. கேண்டீனிலிருந்து வெயிலில் நடந்து வந்ததால் இருக்கும்.

மறுகோடியில் சோணைமுத்து இரண்டு மூன்று தடவை இருமினான். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டான். உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்று நல்லகாமன் அவனை எழுப்பவில்லை. சாயங்காலம் மேனேஜரிடம் இந்தப் பிள்ளை பெற்றவளின் பூண்டுக் கதையை எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தத் தடவை சிரிப்பு அவன் பக்கம்.

கதவு திறந்தது. சின்னத்தாய்.

ஒரு எட்டு உள்ளே வைத்தவள் அப்படியே நின்றாள். முகத்துணிக்கு மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"என்ன சார் இது? மாயக்கா அங்கிட்டு உக்காந்து பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு இருக்கா. இங்க எப்படி இம்புட்டுப் பூண்டு வாடை?"

அவள் சத்தத்துக்குச் சோணைமுத்து தலையைத் தூக்கவில்லை.

நல்லகாமன் மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தான்.

அவனுக்கு ஒரு வாடையும் தெரியவில்லை.